இருபதுக்குப் பன்னிரண்டரை

பரீட்சை எழுதிவிட்டு வீட்டுக்கு வந்தால் அம்மா கேட்பது எப்போதும் ஒரே கேள்விதான். எத்தனை? அதற்குப் பதில் சொன்னதும் எத்தனைக்கு என்பார். அதையும் சொல்லி முடித்தால், உன்னைவிடக் கூட எடுத்தது ஆர் என்பார். காய்ச்சல், பசி, குளிர் எல்லாம் அதற்குப் பிறகுதான் விசாரிக்கப்படும். ஒருமுறை பள்ளிக்கூட நீச்சல் வகுப்பில் தந்த சான்றிதழை ஓடிவந்து நீட்டினேன். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதிலை மார்க்ஸ் போடேல்லையே?" என்றார்.

நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து லண்டனுக்கு வந்தபோது எனக்குப் பத்து வயது. எண்பதுகளின் நடுப்பகுதி. வால்தம்ஸ்டோவில் ஒரு வரிசை வீடு, அதில் நாங்கள் மூன்று பேர். அப்பா பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் வேலை செய்தார். அம்மா சூப்பர்மார்க்கெட்டில் காசாளர். கையில் பணம் வாங்கும்போதே மீதி எவ்வளவு என்று மனதில் போட்டுவிட்டு, இயந்திரம் அதையே சொல்கிறதா என்று பார்ப்பார். இயந்திரம் ஒருநாளும் அம்மாவை ஏமாற்றவில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம் என்றுகூட நினைக்கிறேன்.

பல்கலைக்கழகத்தில் நான் கட்டடப் பொறியியல் படித்தேன். எழுபது எடுத்தாலே இந்த நாட்டில் முதல் வகுப்பு என்பதை அம்மாவுக்கு விளங்கவைக்க ஒரு வருடம் பிடித்தது. விளங்கிய பிறகும், "மிச்சம் முப்பதும் எங்கை போனது?" என்று கேட்பதை அவர் விடவில்லை. இந்த நிலையில்தான் மூன்றாம் வருடத்தைப் பிரான்சில் ஒரு பொறியியல் கல்லூரியில் படிக்கலாம் என்று எங்கள் வகுப்பில் அறிவித்தார்கள். அங்கிருந்து ஒருவர் இங்கே வருவார், இங்கிருந்து ஒருவர் அங்கே போவார். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படித்தவள் என்ற துணிவில் நான் கையைத் தூக்கிவிட்டேன்.

வீட்டில் பெரிய அமர்க்களம். எங்கள் ஆட்களுக்குப் பிரான்ஸ் என்றால் பாரிஸ். பாரிஸ் என்றால் எங்கள் கடைகள் இருக்கும் லாச்சப்பல் தெரு. எனக்குக் கிடைத்த ஊரோ பாரிசிலிருந்து எத்தனையோ மணித்தியாலத் தூரத்தில், மலையடிவாரத்தில் இருந்தது.

"அங்கை எங்கடை கடை இருக்கோ?" என்றார் அம்மா.

"இல்லை அம்மா."

"எங்கடை ஆக்கள்?"

"இல்லை."

"அப்ப என்னத்துக்கடி அங்கை போறாய்?"

அப்பாதான் எனக்காக வாய் திறந்தார். "இஞ்சேரும், நாங்கள் யாழ்ப்பாணத்திலையிருந்து லண்டனுக்கு வந்தனாங்கள். இவள் லண்டனிலையிருந்து பக்கத்து நாட்டுக்குப் போறாள். ரண்டிலை எது தூரம்?"

வாதத்தில் தோற்கும் இடத்தில் அம்மா நிபந்தனை போடுவார். "சரி, போ. கிறிஸ்மஸ் லீவுக்கு வரேக்கை மார்க்ஸோடை வா. குறைஞ்சிருந்தால் பேந்து திரும்பிப் போறேல்லை. இஞ்சையே இருந்து படிச்சு முடி." பிரான்ஸ் ஒத்துவராதவர்கள் ஜனவரியில் திரும்பி வந்து இங்கே வகுப்பில் சேரலாம் என்று பல்கலைக்கழகத்தில் சொல்லியிருந்தார்கள். அதை நானே வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் வீட்டில் சொல்லித் தொலைத்திருந்தேன். அம்மா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அப்பாவைப் பார்த்தேன். "அம்மா சொன்னால் சரி," என்று அவர் பேப்பருக்குள் மறைந்துவிட்டார்.

பிரான்ஸ் எனக்குப் பிடித்துப்போனது. போன முதல் கிழமையிலேயே பிடித்துப்போனது. நீ ஆருடைய மகள், எந்த ஊர், தகப்பனுக்கு என்ன வேலை என்று கேட்க அந்த ஊரில் ஒருவரும் இல்லை. மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் எழும்ப மனமில்லாமல் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டே இன்னொரு சாப்பாட்டைப் பற்றிக் கதைப்பார்கள். இதில் மட்டும் அவர்கள் அசல் யாழ்ப்பாணத்தார்.

பழக்கப்படச் சிரமமாக இருந்தது காலை வணக்கம்தான். லண்டன் வகுப்பில் ஒரு ஹலோவை அறை முழுவதற்கும் பொதுவாக எறிந்துவிட்டு உட்காரலாம். அங்கே அப்படி முடியாது. வகுப்புக்குள் நுழைகிறவர் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் போக வேண்டும். பெண்பிள்ளைகள் என்றால் இரண்டு கன்னத்திலும் கன்னம் வைத்து முத்தச் சத்தம் எழுப்ப வேண்டும். ஆண்கள் தங்களுக்குள் கை கொடுப்பார்கள். நேற்று மாலை பிரிந்தவர்கள் இன்று காலை பத்து வருடம் காணாதவர்கள் மாதிரி சந்தித்துக்கொள்வார்கள். முதல் சில நாட்கள் நான் புத்தகங்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரோரமாக நழுவிப் பார்த்தேன். எனக்கு எதிலோ கோபம் என்று வகுப்பில் கதை பரவிவிட்டது. பிறகு கன்னத்தைக் கொடுத்துவிடுவதே சுகம் என்று விட்டுவிட்டேன்.

விடுதியில் பக்கத்து அறைக்காரிதான் என் தோழி. சின்ன ஊரில் இறைச்சிக் கடை வைத்திருக்கும் தகப்பனின் மகள். உயரமானவள், உரத்துச் சிரிப்பவள், மனதில் பட்டதை அப்படியே சொல்லிவிடுபவள். எனக்கு விளங்காத பிரெஞ்சை அவள் விளங்கப்படுத்துவாள். அதற்கு ஈடாக அம்மா கட்டித் தந்த மிளகாய்த்தூளில் அவள் முட்டைப் பொரியலைத் திருத்தி எடுப்பேன். இரண்டு பேரும் ஒன்றாகவே படித்தோம். அங்குள்ள பிள்ளைகள் கல்லூரிக்கு வருமுன்பே இரண்டு வருடம் கணிதத்தில் ஊறவைத்து எடுக்கப்பட்டவர்கள். கரும்பலகையில் ஒருவர் கணக்கை முடித்துவிட்டு சோக்குத் தூளைத் தட்டும்போது நான் கேள்வியையே வாசித்து முடித்திருக்க மாட்டேன். அந்த அவமானத்தில் நான் படித்த படிப்பு கொஞ்சநஞ்சமல்ல.

டிசம்பரில் பரீட்சை. உத்திரங்கள் எந்தப் பாரத்தில் வளையும், எதில் முறியும் என்பதுதான் பாடம். விடைத்தாள்களைப் பேராசிரியர் வகுப்பில் வைத்து, கூடிய புள்ளியிலிருந்து தொடங்கிப் பேர் சொல்லித் திருப்பிக் கொடுத்தார். முதலில் ஒரு பையன், பதினான்கு. இரண்டாவதாக என் பேரைக் கூப்பிட்டார். பன்னிரண்டரை. இருபதுக்கு.

வகுப்பு முழுவதும் திரும்பிப் பார்த்து விசிலடித்தது. நக்கலடிக்கிறார்கள் என்றே நினைத்தேன். இருபதுக்குப் பன்னிரண்டரை எடுத்ததற்கு விசிலடித்தால் வேறு என்ன நினைப்பது? கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சற்று நேரத்தில் தோழி பின்னாலேயே வந்தாள். கதவைத் திறந்தேன். அவள் கண்ணிலும் கண்ணீர். என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "எனக்குப் பதினொன்று!" என்று விம்மினாள். ஐயோ பாவம், இவள் என்னைவிட மோசம் என்று அவளுக்காகவும் சேர்த்து அழுதேன். அவள் அழுதது சந்தோஷத்தில் என்பது பிறகுதான் தெரிந்தது. நானும் அதற்குத்தான் அழுகிறேன் என்று அவள் நினைத்திருக்கிறாள்.

அவள்தான் எனக்கு அந்த ஊர்க் கணக்கைச் சொல்லித் தந்தாள். பத்து எடுத்தால் சித்தி, அதாவது பாஸ். பன்னிரண்டு எடுத்தால் பேராசிரியர் தலையாட்டுவார். பதினான்கு எடுத்தவனை அடுத்த வகுப்புக்காரர் வந்து எட்டிப் பார்ப்பார்கள். இருபது எடுத்தவரை ஒருவரும் கண்டதில்லை. மற்றப் பாடங்களையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குச் சராசரியும் அதே பன்னிரண்டரைதான். வகுப்பில் இரண்டாம் இடம். இரண்டு மாதத்துக்கு முன் கேள்வியையே வாசிக்கத் தெரியாதிருந்தவளுக்கு அது எவ்வளவு பெரிது! துள்ளிக் குதித்தேன் என்றே சொல்ல வேண்டும்.

அந்தத் துள்ளலோடு தொலைபேசிக் கூண்டுக்குப் போய் வீட்டுக்கு எடுத்தேன்.

"எத்தினை?" என்றார் அம்மா.

"பன்னிரண்டரை."

"எத்தினைக்கு?"

"இருவதுக்கு. ஆனால் அம்மா, இஞ்சை அது..."

"அறுவத்திரண்டரை," என்றார் அம்மா. ஐந்தால் பெருக்குவது அவருக்கு ஒரு வேலையா?

"ஓம். ஆனால் வகுப்பிலை நான் ரண்டாவது. இஞ்சை எல்லாருக்கும் குறையத்தான் போடுறவை."

"அறுவத்திரண்டரை," என்று இன்னொருமுறை சொன்னார். ஏச்சு விழும் என்று காதைத் தயாராக வைத்திருந்தேன். ஏச்சு வரவில்லை. குரல் சின்னதாகிப் போயிருந்தது. அப்பாவிடம் தொலைபேசியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அம்மா ஏசியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

பஸ்ஸும் கப்பலும் பஸ்ஸுமாக மாறி லண்டன் விக்ரோறியா பஸ் நிலையத்தில் வந்து இறங்கினேன். அப்பா காரோடு நின்றார். "கொம்மா இப்ப கதைக்கிறது குறைவு," என்றார் வழியில். "எனக்கு ஒரு பக்கம் நிம்மதிதான். ஆனால் கறி உப்பில்லாமல் வருது." நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். இருந்தாலும் வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு இரண்டு பேரும் கொஞ்ச நேரம் இறங்காமலே இருந்தோம்.

அம்மா எனக்குப் பிடித்ததெல்லாம் சமைத்திருந்தார். பரிமாறிக்கொண்டே மெதுவாக, "ஜனவரியிலை இஞ்சை சேரலாம்தானே?" என்றார்.

"அம்மா, நான் வகுப்பிலை ரண்டாவது. முப்பது பேரிலை ரண்டாவது!"

"உனக்கு விளங்காது. அறுவத்திரண்டை வச்சுக்கொண்டு ஒண்டும் செய்யேலாது. ஒருத்தரும் அதுக்கு மேலை கேக்க மாட்டினம். ரண்டாவதோ, அஞ்சாவதோ, ஒருத்தரும் கேக்க மாட்டினம்." அதற்கு மேல் சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு தண்ணீர் எடுக்கப் போய்விட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உங்களுக்கு நான் முக்கியமா, நம்பர் முக்கியமா என்று கத்தினேன். அந்த மலையடிவாரத்தையும், கரும்பலகையையும், மூக்கில் சோக்குத் தூளோடு சிரிக்கும் அந்தக் கூட்டத்தையும் விட்டுவிட்டு வர என்னால் முடியாது. அப்பா பேப்பரின் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். என் பயணச்சீட்டு ஜனவரி முதல் ஞாயிறுக்கு எடுத்தது. பெட்டியை நான் பிரிக்கவும் இல்லை, அடுக்கவும் இல்லை.

இதற்கிடையில் தோழி வருவதாக இருந்தது. புதுவருடத்துக்கு லண்டன் பார்க்க வா என்று நவம்பரிலேயே அழைத்திருந்தேன். திரும்பும்போது இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போவது என்று திட்டம். "வரட்டும்," என்றார் அம்மா. "விருந்தாளி வந்தால் விருந்து குடுப்பம். முடிவு முடிவுதான்." சொல்லிவிட்டு யன்னல் திரைகளைக் கழற்றித் தோய்த்தார். றோல்ஸ், பற்றிஸ், கட்லட் என்று ஒரு கல்யாண வீட்டுக்குக் காணும் அளவில் செய்து அடுக்கினார்.

வருடக் கடைசி நாள் மத்தியானம் தோழி வந்து இறங்கினாள். கதவு திறந்ததும் அம்மாவின் இரண்டு தோளையும் பிடித்து, குனிந்து, வலக் கன்னத்தில் ஒன்று, இடக் கன்னத்தில் ஒன்று. அம்மா சிலையாக நின்றார். அடுத்தது தன் முறை என்று கண்ட அப்பா இரண்டு கையையும் கூப்பி, கேடயம் மாதிரி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, "வணக்கம், வணக்கம்," என்று சுவரோடு பின்வாங்கினார்.

அம்மா கன்னத்தைத் தொட்டுப் பார்த்தபடி என்னைச் சமையலறைக்கு இழுத்துப் போனார். "எல்லாரையும் இப்பிடியோ?"

"ஓம் அம்மா. ஒவ்வொரு நாளும் காலமை."

"பெடியளையுமோ?"

"பெடியள் கை குடுப்பாங்கள்," என்றேன். ஆருக்கு என்று அம்மா கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

புதுவருடம் பிறந்த காலை ஆர்ச்வே முருகன் கோயிலுக்குப் போனோம். லண்டனில் ஜனவரி முதலாம் திகதி எங்கள் சனம் முழுவதும் கோயிலில்தான் நிற்கும். தோழிக்கு என் பஞ்சாபிச் சுடிதாரைக் கொடுத்திருந்தேன். அது அவளுக்கு முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே முடிந்துவிட்டது. குளிர்ந்த தரையில் வெறுங்காலை மாற்றி மாற்றி வைத்தபடி, நெற்றியில் விபூதியோடு எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

வரிசையில் எங்களுக்கு முன்னால் பல் டொக்டர் அன்ரி நின்றார். அவர் பல் டொக்டர் இல்லை. அவருடைய மகள் அதற்குப் படிக்கிறாள். ஆனால் அந்தப் படிப்பைப் பற்றி அவர் கதைக்கும் விதத்தில் அந்தப் பட்டம் அவருக்கே ஒட்டிக்கொண்டது.

"பிள்ளை பிரான்சிலையாமே?" என்றார் அம்மாவிடம். "எப்பிடி மார்க்ஸ்?"

"பன்னிரண்டரை," என்றார் அம்மா.

"எத்தினைக்கு?"

அம்மா சந்நிதியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "பதினைஞ்சுக்கு," என்றார்.

எனக்கு வாய் பிளந்துவிட்டது. அம்மா பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை. கடையில் ஒரு தக்காளியைக் கூடுதலாக நிறுத்துவிட்டார்கள் என்று திரும்பிப் போய்க் கொடுத்த ஆள் அவர். அன்ரி கண்ணை மேலே செருகிக் கணக்குப் போட்டார். "எண்பத்திமூண்டு சொச்சம். பரவாயில்லை," என்றார். அந்த நேரம் பார்த்துப் பூசை மணி அடித்தது. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். வழக்கத்தைவிடக் கன நேரம், வழக்கத்தைவிடப் பலமாகப் போட்டுக்கொண்டார். என் புள்ளிக்காக அம்மா முருகனுக்கு முன்னால் பொய் சொல்லும்படி ஆகிவிட்டதே என்று எனக்கு ஒரே கவலை. அம்மாமேல் இருந்த கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து மரக்கறிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். பாயாசம் வந்த நேரம் தொலைபேசி அடித்தது. தோழியின் அம்மா, புதுவருட வாழ்த்துச் சொல்ல. தாயும் மகளும் மூச்சுவிடாமல் கதைத்தார்கள். பிறகு தோழி அம்மாவைக் கைகாட்டிக் கூப்பிட்டாள். "என் அம்மா உங்களோடு கதைக்க வேண்டுமாம்."

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு போய் வாங்கினார். அந்தத் தாயின் குரல் எங்களுக்கும் கேட்டது. தெரிந்த இங்கிலீசை எல்லாம் சேர்த்து உரக்கச் சொன்னார். பன்னிரண்டரை! அருமை மேடம்! உங்கள் மகளுக்குப் பன்னிரண்டரை! அருமை!

"தாங்க் யூ, தாங்க் யூ," என்றார் அம்மா. பிறகு வாய்ப்பக்கத்தைக் கையால் பொத்திக்கொண்டு எங்களைப் பார்த்தார். முகம் சிவந்திருந்தது. "என்ன, நக்கல் அடிக்கிறாவோ?"

"இல்லை அம்மா!"

"எனக்கு நக்கல் விளங்காதெண்டு நினைச்சாவோ? புதுவருசத்தண்டு போன் எடுத்து ஒரு தாயை இப்பிடிப் பகிடி பண்ணலாமோ?"

அப்பா பாயாசம் மூக்கால் வரச் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பாவம் தோழி, தன் அம்மா ஏதோ பிழையாகச் சொல்லிவிட்டார் என்று பதறிப்போய் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தாள். நான் விஷயத்தைச் சொன்னேன். அவள் வாழ்த்தெல்லாம் சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டு, கரண்டியை ஓரமாக வைத்து, அம்மாவுக்கு நேரே திரும்பி இங்கிலீசில் மெதுவாகச் சொன்னாள். "அந்தப் பரீட்சையை ஒருவரும் முடிக்க முடியாதபடிதான் தயாரிப்பார்கள். எனக்குப் பதினொன்று. அதைக் கேட்டதும் என் அப்பா இறைச்சிக் கடையை நேரத்தோடு பூட்டிவிட்டு எங்கள் எல்லோரையும் விருந்துக்குக் கூட்டிப்போனார்."

"பதினொண்டுக்கோ?" அம்மா என்னிடம் திரும்பினார். "பதினொண்டுக்கோ கடையைப் பூட்டினவர்?"

"ஓம் அம்மா."

அம்மா கதிரையில் உட்கார்ந்தார். மேசை விரிப்பின் ஓரத்தை விரலால் மடித்தார், விரித்தார். பிறகு தோழியிடம், காசாளர் வேலையில் பழகிய இங்கிலீசில் கேட்டார். "நாலு பாடம். எல்லாம் சேர்த்து நானூறுக்கு இருநூற்று நாற்பத்தெட்டு. உங்கள் ஊரில் அது எத்தனை?"

ஏதோ சோதிக்கிறார் என்று நினைத்தேன். தோழி மேசையில் விரலால் எழுதிப் பார்த்தாள். "பன்னிரண்டு தசம் நாலு. நல்ல புள்ளி, மேடம். யார் இந்த மாணவி?"

"நான்," என்றார் அம்மா.

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியாது. அம்மா கெட்டிக்காரியாகப் படித்தவர் என்று மட்டும்தான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். ஊரில் பல்கலைக்கழகம் போகத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு மட்டும் கூடிய புள்ளி வேண்டும் என்று அரசாங்கம் வைத்திருந்த காலம் அது. அம்மாவுக்கு இரண்டு புள்ளி போதவில்லை. அவர் கேட்டிருந்தது பொறியியல். என் அம்மா கேட்டிருந்தது பொறியியல்! நான் எடுத்த பாடத்தை அவரும் எடுக்க ஆசைப்பட்டிருக்கிறார். நானூறை நூறாக்கினால் அறுபத்திரண்டு. தொலைபேசிக் கூண்டில் என் காதில் விழுந்த அந்தச் சின்னக் குரல் எதற்கு என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. என் வாயால் அவர் கேட்டது என் புள்ளியை அல்ல. தன் புள்ளியைத்தான் கேட்டிருக்கிறார். மேசைக்கு மேலால் எட்டி அவர் கையைப் பிடிக்க வேண்டும் போல இருந்தது. எங்கள் வீட்டில் அப்படிப் பழக்கம் இல்லை. அப்பளத்தை அவர் பக்கம் தள்ளி வைத்தேன்.

இந்தக் கதை எதுவும் தெரியாத தோழி உற்சாகமாகக் கேட்டாள். "அப்படியானால் நீங்களும் பொறியியலாளரா மேடம்?"

"இல்லை," என்ற அம்மா இரண்டு விரலைக் காட்டினார். "இரண்டு மார்க்ஸ்."

தோழி கொஞ்சம் யோசித்தாள். "எங்கள் வகுப்பில் என்றால் நீங்கள் மூன்றாவது," என்றாள். என்னைக் காட்டி, "இவளுக்கு அடுத்ததாக. தசம் ஒன்று குறைவு."

"இவள் என்னைவிடக் கூடவோ?" என்று அம்மா என்னை முறைத்துப் பார்த்தார். பிறகு சிரித்தார். நான் வந்த நாளிலிருந்து அம்மா சிரித்தது அதுதான் முதல்தடவை. அது ஒழுங்கான கணக்கே இல்லை என்று எனக்குத் தெரியும். அந்தப் பரீட்சை வேறு, இந்தப் பரீட்சை வேறு. ஆனால் அந்த மேசையில் அதைச் சொல்ல நான் என்ன மடைச்சியா?

இருந்தும் என்னைப் போ என்று அம்மா சொல்லவில்லை. மாலை முழுவதும் காத்திருந்தேன். தோழியோடு தாயம் விளையாடினார், அவளுக்கு இன்னும் இரண்டு கட்லட் வைத்தார், என் பயணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கேட்கவும் எனக்குப் பயம். கேட்டு இல்லை என்று வந்துவிட்டால்?

அடுத்த நாள் காலை மாடியிலிருந்து இறங்கி வரும்போது அம்மா நடையில் நின்று தொலைபேசியைச் சுழற்றிக்கொண்டிருந்தார். நான் படியிலேயே நின்றுவிட்டேன்.

"நான்தான் கதைக்கிறன்... ஓம், ஓம், உங்களுக்கும். இஞ்சை பாருங்கோ, நேற்றுக் கோயிலிலை நான் ஒண்டு பிழையாச் சொல்லிப்போட்டன். முருகனுக்கு முன்னாலை சொன்னது, மனம் கேக்குதில்லை. பிள்ளைக்குப் பன்னிரண்டரை எண்டனான் எல்லோ? அது பதினைஞ்சுக்கில்லை. இருவதுக்கு."

மறுமுனையில் பல் டொக்டர் அன்ரி கண்ணை மேலே செருகிக் கணக்குப் போடுவது எனக்குத் தெரிந்தது.

"ஓம், அறுவத்திரண்டரைதான். நீங்கள் கணக்கிலை கெட்டிக்காரி... இல்லையே, நான் ஏன் மறிக்கிறன்? ஞாயிற்றுக்கிழமை திரும்பிப் போறாள்."

நான் படிக்கட்டின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"எனக்கும் அறுவத்திரண்டுதானே வந்தது," என்றார் அம்மா, பச்சைமிளகாய் விலை சொல்வது போல. "...எதுக்கோ? இஞ்சினியருக்கு... ஓம், நான்தான். உங்களுக்குச் சொல்லேல்லையே?"

தொலைபேசியை வைத்துவிட்டுத் திரும்பியவர் என்னைக் கண்டார்.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய்?" என்றார். "போய்ப் பெட்டியை அடுக்கு."